அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

மே மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். இப்போதெல்லாம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சித்திரைப் புதுவருடச் சோடனைகளைக் கழற்றிய கையோடு கடைக்காரர்கள் அன்னையர் தினத்துக்குச் சோடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். படம் போட்ட கோப்பைகள், பிளாஸ்ரிக் பூச்செண்டுகள், 'அம்மா' என்று எழுதிய சுவர் மணிக்கூடுகள் என்று கடை வாசல் நிறைந்துவிடும். நான் தையல் பழக்கும் இடத்தில் இளம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வருடம் தவறாமல் அவர்கள் என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, அம்மாவுக்கு என்ன வாங்கலாம்?" இதற்கு நான் நேரே பதில் சொல்வதில்லை. என் அம்மாவின் காலைப் பற்றிச் சொல்வேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முன்னர் யாரும் அன்னையர் தினம் கொண்டாடியதில்லை. 2009ஆம் ஆண்டில் அந்தத் தினம் மே 10ஆம் திகதி வந்தது. அன்று நாங்கள் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருந்தோம். முதல்நாள் இரவு தொடங்கிய செல்லடி விடிந்தும் ஓயவில்லை. அரிசியும் உப்பும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை எனக்கும் தம்பிக்கும் வார்த்துத் தந்துவிட்டு, பானையைக் கழுவிய தண்ணீரை அம்மா குடித்தார். அது அன்னையர் தினம் என்பது பல வருடங்களின் பின் ஒரு பழைய கலண்டரைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் மனதை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய கதைகள் உங்களில் பலரிடம் உண்டு. ஆனால் பானை கழுவிய தண்ணீரைக் குடித்துவிட்டு "எனக்குப் பசியில்லை" என்று சொன்ன ஒருவரிடம் போய் "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்? "எனக்கு ஒண்டும் வேண்டாம் பிள்ளை." நான் அந்தப் பதிலைப் பல வருடங்கள் அப்படியே நம்பியிருந்தேன்.

செட்டிக்குளம் முகாமிலிருந்து 2010இல் விசுவமடுவுக்குத் திரும்பினோம். நான் திருமணமாகி வவுனியாவுக்கு வந்துவிட்டேன். அம்மா தனியாக அந்தக் காணியிலேயே இருக்கிறார். "தம்பி தேடி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது" என்பார். 2009 மே மாதத்தின் பின் தம்பியைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

2013இல் தையல் வேலையில் கிடைத்த முதற் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கினேன். 3,800 ரூபா. மாம்பழ நிறத்தில் சிவப்புக் கரை. அம்மா அதைத் தடவிப் பார்த்தார், மணந்து பார்த்தார், அயல் வீட்டுக்காரிக்கும் காட்டினார். பின் கடைப் பையோடு அப்படியே றங்குப்பெட்டிக்குள் வைத்தார். பொங்கல் வந்தது, திருவிழா வந்தது, என் மகளின் பிறந்தநாள் வந்தது. சேலை வெளியே வரவில்லை. ஒருநாள் கேட்டேன். "தம்பி வாற அண்டைக்கு உடுக்க வைச்சிருக்கிறன்" என்றார். அதற்கு மேல் நான் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அம்மாமார் இப்படிப் பெட்டிக்குள் வைப்பதை நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. எத்தனை தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள்! கையில் கிடைத்த நல்ல பொருளைப் பாவித்துத் தீர்க்க அவர்களுக்கு மனம் வராது. ஆகவே பரிசு வாங்கும்போது நான் இப்போது முதலில் யோசிப்பது, இந்தப் பொருள் பெட்டிக்குள் போகுமா என்பதைத்தான். பெட்டிக்குள் வைக்க முடியாத, ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டிய ஒன்றாக இருந்தால் நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இடத்தில் ஒரு பிள்ளை தாய்க்குப் பெரிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றைத் தவணைக் காசுக்கு எடுத்துக் கொடுத்தாள். மாதம் பிறந்தால் தவணைக்காரன் படலையில் நிற்பான். அவனைக் கண்டால் தாய் குசினிக்குள் போய்விடுவார். கடைசியில் தாயே கச்சான் விற்று அந்தத் தவணையைக் கட்டி முடித்தார். நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடன்பட்டுப் பரிசு வாங்காதீர்கள். பெரிதாகச் செய்ய ஆசையிருந்தால் சகோதரங்கள் சேர்ந்து காசு போடுங்கள், அல்லது பொறுத்து வாங்குங்கள்.

2019 மே மாதம் பாடசாலை விடுமுறையில்லாத ஒரு கிழமையில், மகளை மாமியிடம் விட்டுவிட்டு, அம்மாவுடன் மூன்று நாள் நின்றேன். அதற்கு முன்னர் மாதம் ஒருமுறை போவேன். காலையில் போய், சமைத்துச் சாப்பிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அந்தச் சில மணி நேரத்தில் அம்மா ஓடியாடித் திரிவார். எனக்கு எல்லாம் நல்லபடியாகவே தெரிந்தது. மூன்று நாள் நின்றபோதுதான் வேறு ஒரு ஆளைக் கண்டேன்.

விடிய ஐந்து மணிக்கு எழும்பி வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போனார். வாளியை அரைவாசிக்கு மேல் நிரப்பவில்லை. அடுப்படியில் குந்தியிருந்துவிட்டு எழும்பும்போது சுவரைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். குளிசைகளை எல்லாம் ஒரு பழைய மாத்தகரத்துக்குள் கொட்டி வைத்திருந்தார். "வட்டமானது சீனிக்கு, மஞ்சள் பிரசருக்கு" என்று நிறம் பார்த்து எடுத்தார். ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டுப் பெடியன் வரவேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் இரவு, பாயில் படுத்தபடி கேள்வியை மாற்றிக் கேட்டேன். "என்ன வேணும்" என்று கேட்கவில்லை. "எதம்மா உங்களுக்குக் கரைச்சலாக் கிடக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார். பிறகு, "உந்தச் செருப்புத்தான்" என்றார். "போட்டுக்கொண்டு போவன், எங்கேயோ கழண்டு விழுந்திடும். விழுந்தது தெரியாது. கனதூரம் போனாப்பிறகு குனிஞ்சு பார்த்தா ஒரு கால் வெறுங்காலாக் கிடக்கும். பிறகு ஆர் திரும்பிப் போய்த் தேடுறது? அதுதான் போடுறதில்லை."

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் யோசித்தேன், காலிலிருந்து செருப்புக் கழன்று விழுவது ஒருவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

எழும்பி லைற்றைப் போட்டு அம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தேன். என் நினைவில் அதுதான் முதல் தடவை. அவர் என் காலை எத்தனை தரம் கழுவியிருப்பார், முள் எடுத்திருப்பார்! வலது பாதத்தின் அடியில், இரண்டாவது விரலுக்குக் கீழே, ஐம்பது சத நாணயமளவு ஒரு கறுப்பு. சுற்றிவரத் தடித்து வெடித்திருந்தது. அழுத்தியபோது ஊனம் வந்தது. "நோகேல்லையே?" என்றேன். "இல்லைப் பிள்ளை, அதிலை ஒண்டுமில்லையே" என்றார்.

மறுநாள் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூல் போன்ற ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். பாதி இடங்களில் அம்மாவுக்குத் தெரியவில்லை. நீரிழிவு பல வருடங்கள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் பழுதாகும், சூடு, முள், கல் எதுவும் உறைக்காது, இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது என்று விளங்கப்படுத்தினார். புண்ணுக்குள் உடைந்த முள் ஒன்று இருந்தது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தாரோ தெரியாது. எலும்புக்குக் கிருமி போய்விட்டதால் அந்த விரலை எடுக்கவேண்டி வந்தது. பத்தொன்பது நாள் வாட்டில் இருந்தோம். விரலோடு நின்றது பெரிய காரியம் என்று தாதி ஒருவர் சொன்னார். செல்லடிக்குள்ளால் இரண்டு காலோடும் வெளியே வந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு நான் வெளி விறாந்தையில் இருந்து அழுதேன். 3,800 ரூபாவுக்குச் சேலை வாங்கிக் கொடுத்த எனக்கு, வாசலில் கிடந்த செருப்பின் வார் ஊக்குக் குத்தி ஒட்டப்பட்டிருந்தது கண்ணில் படாமல் போய்விட்டது.

ஆகவே அந்த வருடம் அம்மாவுக்கு நான் வாங்கிய பரிசு செருப்பு. அதை எப்படித் தெரிவு செய்தேன் என்பதைக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன். உங்கள் தாய்க்கோ மாமியாருக்கோ நீரிழிவு இருந்தால் உதவும்.

புண் ஆறியபின் வைத்தியர் 'எம்.சி.ஆர்.' செருப்பு என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த மெத்தென்ற றப்பரும், கீழே முள்ளுக் குத்த முடியாத தடித்த அடியும் கொண்டது அது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் வார் போகும் சாதாரண பாட்டா மாதிரிச் செருப்பு இப்படியானவர்களுக்குக் கூடாது. அதைக் கழராமல் வைத்திருக்க விரல்களை மடக்கிப் பிடிக்கவேண்டும், உணர்ச்சியில்லாத விரலால் அது முடியாது. வார் உரசி விரலிடுக்கில் புண்ணும் வரும். முன்னால் அகலமாக, மேலே அழுத்தி ஒட்டும் பட்டியோடு, குதிக்காலைப் பிடிக்கப் பின்வாரும் இருக்கவேண்டும். கொளுக்கி வேண்டாம். குனிந்து கொளுக்கி மாட்ட அம்மாவின் கண்ணும் விடாது, இடுப்பும் விடாது.

அளவு எடுக்கும் விதமும் முக்கியம். அம்மாவைக் கடைக்குக் கூட்டிச் செல்ல முடியாததால், பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், கொப்பித் தாளில் எழும்பி நிற்கச் சொல்லி இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்தேன். இருந்தபடி வரையக் கூடாது. நிற்கும்போது பாதம் பரந்து கொடுக்கும். அம்மாவின் இடது கால் வலது காலைவிடப் பெரிது என்று அன்றுதான் கண்டோம். பெரிய காலின் அளவுக்கே செருப்பு எடுக்கவேண்டும், நீளமான விரலுக்கு முன்னால் அரை அங்குலமளவு இடமும் விடவேண்டும். வரைந்த தாளை வெட்டி யாழ்ப்பாணத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோய்ச் செருப்புக்குள் வைத்துப் பார்த்தேன். தாள் ஓரத்தில் மடிந்தால் அந்தச் செருப்பு வேண்டாம். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு அவரே பொறுமையாக ஏழெட்டுச் சோடி எடுத்துத் தந்தார். உள்ளே கையைவிட்டுத் தையல் முடிச்சு, ஆணி முனை ஏதும் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அம்மாவின் காலுக்குத் தெரியாததை உங்கள் விரல்தான் பார்க்கவேண்டும்.

புதுச் செருப்பை முதல்நாளே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போக விடக் கூடாது. முதல் நாள் அரை மணித்தியாலம். கழற்றியதும் காலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு நேரத்தைக் கூட்டலாம்.

நான் வாங்கியது இரண்டு சோடி. 3,200 ரூபாப்படி 6,400 ரூபா. இரண்டாவது சோடி வீட்டுக்குள் போட. அங்கேதான் சண்டை வந்தது. "சுவாமிப் படம் இருக்கிற வீட்டுக்குள்ள செருப்போட திரியிறதோ? எனக்கு இருக்கிற பாவம் காணாதே?" என்று அம்மா அதைத் தொடவே மறுத்தார். வெட்டுக்கிளி மாதிரி நானும் துள்ளினேன். பிறகு விளங்கியது, அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்களுக்குச் செருப்பு என்றால் வெளி அழுக்கு. ஆகவே அந்தச் சோடியை ஒருநாளும் மண்ணில் வைக்காமல், நானே கழுவித் துடைத்து, பாயருகில் வைத்தேன். "இது செருப்பில்லை அம்மா, காலுக்குப் போடுற மருந்து" என்றேன். சுவாமித் தட்டுக்கு முன்னால் மாத்திரம் கழற்றுவது என்று உடன்படிக்கை ஆயிற்று. கோவிலுக்குப் போவது வெயில் ஏறமுன். மத்தியானத்தில் கொதிக்கும் வீதி மணலில் வெறுங்காலோடு சுற்றுவது இப்படியானவர்களுக்குப் பெரிய ஆபத்து. பாதம் பொக்களித்தாலும் தெரியாது. அம்மா பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு ஒரு சுற்றுடன் நிறுத்திக்கொள்கிறார்.

எங்கள் வீடுகளில் அப்பாவுக்குச் செருப்பு அறுந்தால் அடுத்த சந்தைக்கே புதிது வரும். அம்மாவின் செருப்புக்கு ஊக்கு. இது ஏன் என்று நான் கேட்டால் என்னைப் பெண்ணியம் பேசுகிறாள் என்பார்கள். பேசினால் பேசினதுதான்.

அந்த நேரத்தில் கனடாவிலிருக்கும் பெரியம்மாவின் மகள், அம்மாவின் காலுக்கென்று சுடுதண்ணீர் ஊற்றிக் காலை வைக்கும் மெசின் ஒன்றை அனுப்பினாள். அன்போடு அனுப்பியதுதான். ஆனால் கிளினிக்கில் கேட்டபோது, உணர்ச்சியில்லாத காலுக்குச் சுடுதண்ணீர், வெந்நீர்ப் பை, சூடேற்றும் எந்த மெசினும் கூடாது, வெந்து போனாலும் தெரியாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். வெளிநாட்டுச் சகோதரங்கள் ஏதாவது அனுப்பக் கேட்டால் இதைச் சொல்லி வையுங்கள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். கோபிக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு கைபிடியுள்ள ஒரு கதிரைக்கும் கண் பரிசோதனைக்கும் காசு அனுப்பினாள். கதிரை வாங்கும்போது கைபிடியை ஊன்றி எழும்பிப் பார்த்து வாங்குங்கள். சில பிளாஸ்ரிக் கதிரைகளின் கால் வெளியே விரிந்து சறுக்கும். கண்ணாடியை ஒருபோதும் கடைத்தெருவில் குத்துமதிப்பாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நீரிழிவு கண்ணின் உட்பக்கத்தையும் பாதிக்கும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டவேண்டும். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி கிடைத்ததும் பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு வரும்படி போயிற்று. நூல் கோர்த்தால் அவனுக்கு ஒரு தோடம்பழ இனிப்புக் கொடுப்பது வழக்கம்!

காசில்லாதவர்கள் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். அதை நிலத்தில் வைத்து அதன்மேல் பாதத்தைப் பிடித்தால் குனியாமலே உள்ளங்காலைப் பார்க்கலாம். அம்மா ஒவ்வொரு இரவும் பார்க்கிறார். நான் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்வியும் அதுதான்.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது அதே செருப்பின் விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மெத்தென்ற பகுதி தட்டையாகிவிட்டால் செருப்பு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயனில்லை, மாற்றவேண்டும். அந்த வருடம் எனக்கும் வேலை குறைவு. நானும் மகளும் உண்டியலில் சேர்த்து, வெளிச்செருப்பு ஒரு சோடி மாத்திரம் மாற்றினோம்.

இனிப் பையின் கதை. மூன்று நாள் நின்றபோது இன்னொன்றையும் கவனித்திருந்தேன். அம்மா எங்கே போனாலும் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுபோவார். அதற்குள் அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணிப் பத்திரம், அப்பாவின் மரணச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, தம்பிக்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், தம்பியின் படம். இடம்பெயர்ந்த பெண்களுக்கு இந்தப் பை எதுவென்று தெரியும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கியபோதும் அம்மா இந்தப் பையோடுதான் போய் இருந்தார். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் வீதியெல்லாம் சோதனை. ஒருநாள் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னபோது பிளாஸ்ரிக் கிழிந்து, எல்லாம் மண்ணில் விழுந்தன. தம்பியின் படத்தில் ஒரு மூலை மடிந்து வெடித்துவிட்டது. அதை அம்மா சொல்லவில்லை, உடன் போனவர் சொன்னார்.

அதற்குப் பிறகும் எனக்குச் சேலை விட்ட பிழை நினைவிருந்ததால், கடையில் பை வாங்கவில்லை. அம்மாவையே கேட்டுக் கேட்டுத் தைத்தேன். தடித்த கன்வஸ் துணி, உள்ளே மழைக்கோட்டுத் துணி. கிளினிக் கொப்பிக்கு மேலே ஓர் அறை, ஏனெனில் அதுதான் அடிக்கடி எடுப்பது. பத்திரங்களுக்கு மடிக்காமல் வைக்கக்கூடிய அகலமான அறை, சிப் போட்டது. கையில் தூக்காமல் தோளில் குறுக்கே போட நீளப் பட்டி. வழுக்கினால் பிடிக்க இரண்டு கையும் சும்மா இருக்கவேண்டும் அல்லவா? முதலில் பழைய துணியில் ஒன்று தைத்துக் கொடுத்து இரண்டு கிழமை கொண்டு திரியச் சொன்னேன். அதில் வந்த குறைகளைக் கேட்டு இரண்டாவதைத் தைத்தேன். பத்திரங்கள் எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுத்து ஒரு கட்டை என் வீட்டிலும் வைத்தேன். இதையும் நீங்கள் செய்து வைப்பது நல்லது.

பையைக் கொடுத்த அன்று அம்மா கதிரையில் இருந்து, ஒவ்வொரு பத்திரமாக எடுத்து அந்தந்த அறைக்குள் வைத்தார். தம்பியின் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இந்த அறை சொரசொரக்குது பிள்ளை, படத்தை உரஞ்சும்" என்றார். பிறகு எழும்பிப் போய் றங்குப்பெட்டியைத் திறந்து, 2013இல் நான் வாங்கிக் கொடுத்த சேலையை எடுத்து வந்தார். கடைப் பை மஞ்சளாகிப் போயிருந்தது. சேலையை விரித்து, தைக்காமல் தொங்கிய சட்டைத் துண்டின் ஓரத்தைப் பிடித்து, "இதிலை ஒரு சாண் வெட்டி உள்ளுக்கு வைச்சுத் தை. மிச்சத்திலை எனக்குச் சட்டை வரும்தானே?" என்று கேட்டார்.

வரும் என்றேன். கத்தரிக்கோலை அவரே எடுத்துத் தந்தார்.

பட்டிதான் இரண்டு அங்குலம் நீளமாகப் போய்விட்டது. நடக்கும்போது பை முழங்காலில் அடிக்கிறதாம். அடுத்த கிளினிக்குக்கு முன் போய்ப் பிரித்துத் தைக்கவேண்டும்.